மாராவிலிருந்து நைரோபி வரை: ஒரு குழுச் சஃபாரியின் இறுதி நாட்கள்

கென்யாவுக்குக் குழுவாக அழைத்துச் செல்லும் சுற்றுலாக்களைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இப்போது பல நிறுவனங்கள் விற்கின்றன. விளம்பரத் தாளின் வண்ணமும் திட்டத்தின் பெயரும் மாறுமே தவிர, பயணத்தின் இறுதிப் பகுதி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது: மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் இரண்டு இரவுகள், நைவாஷா ஏரிக்கரையில் ஓர் இரவு, பிறகு பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஏறி நைரோபி, அங்கிருந்து விமானம். இங்கே பணம் வாங்குவது ஒரு நிறுவனம், அங்கே வண்டியும் ஓட்டுநரும் தருவது நைரோபியைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம் என்பது இத்தொழிலில் வழக்கமான ஏற்பாடாகையால், நான் யாரிடம் பணம் கட்டினேன் என்று சொல்வதைக் காட்டிலும் அந்தத் திட்டத்தையே எடைபோடுவது அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். அம்போசெலி, நகுரு பூங்காக்கள் அடங்கிய முற்பகுதியில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. செலவில் கணிசமான பங்கை விழுங்குவதும், விளம்பரத்தில் சொன்னதற்கும் கொடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் வெளிப்படுவதும் இறுதி நாட்களில்தான் என்பதால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கட்டணக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் மாராவில் எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறோம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாசாய் மாரா காப்பகம் நாரோக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அரசுக்கு உரியது. 2024இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, வெளிநாட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 அமெரிக்க டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாள் என்பது இங்கே 24 மணி நேரத்தைக் குறிக்காது. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையிலான 12 மணி நேரம் மட்டுமே. காப்பகத்துக்குள் இருக்கும் விடுதியில் தங்குகிறவர்கள் புறப்படும் நாளன்று காலை 10 மணிக்குள் வெளியேறிவிட்டால் அந்த நாளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்களைப் போல செகெனானி நுழைவாயிலுக்கு வெளியே கூடார விடுதியில் தங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைசி நாள் காலையில் ஒரு மணி நேரம் உள்ளே போய்வந்தாலும் முழு நாள் கட்டணம் கட்டியாக வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு "மாராவில் மூன்று நாள் சஃபாரி" என்ற விளம்பரத் தாளின் வரியைப் படித்துப் பாருங்கள். முதல் நாள் நகுருவிலிருந்து புறப்பட்டு விடுதியை அடையும்போது பிற்பகல் கழிந்துவிட்டது. மிஞ்சிய பொழுதுக்காகத் தலைக்கு 100 டாலர் கட்ட எந்த நிறுவனமும் விரும்பாது. ஆகவே அன்று மாலை எங்களை அங்குள்ள மாசாய் இன மக்களின் குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். இளைஞர்கள் வட்டமாக நின்று உயர உயரக் குதித்தார்கள், சாணமும் மண்ணும் பூசிய வீட்டுக்குள் குனிந்து நுழைந்து பார்த்தோம், வெளியே மணிமாலைச் சந்தை விரிந்திருந்தது. குடியிருப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கியதும் தாளில் இல்லாத செலவுதான். மூன்றாம் நாள் புறப்படும் நாள். ஆக, மூன்று நாள் என்று விற்கப்பட்டதில் காப்பகத்துக்குள் கழிந்தது ஒரே ஒரு முழுப் பகல். இதில் சட்டப்படி பொய் எதுவும் இல்லை; வாங்குகிறவர் கேட்டாலொழியச் சொல்லப்படாத உண்மை இருக்கிறது.

அந்த ஒரு முழுப் பகல் கொடுத்த காசுக்குப் பழுதில்லாமல் கழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய லேண்ட் குரூசர் வண்டிகள், ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை, காலை 6 மணிக்கு நுழைவாயிலில் இருக்கும்படியான புறப்பாடு, மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த உணவுப் பொட்டலம் என எல்லாம் சொன்னபடி நடந்தன. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் குளிருமா என்று சிலர் ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தப் புல்வெளியில் கூரை திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று எலும்பைத் தொடும் என்று எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளர் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்.

மாராவில் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 25 மீட்டருக்குக் குறைவாக நெருங்கக் கூடாது. வண்டித் தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்கக் கூடாது. சிங்கம் கிடைத்த செய்தி வானொலியில் ஸ்வாஹிலி மொழியில் பறந்ததும் இந்த விதிகளில் முதலாவது அடிக்கடி காற்றில் போய்விடுவதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் ஓட்டுநர் அப்படிப்பட்ட இடங்களில் தள்ளியே வண்டியை நிறுத்தி, முன்னால் நின்றவை நகர்ந்த பிறகே நெருங்கினார். எங்கள் வண்டியிலிருந்த ஒருவர், பக்கத்து வண்டி போவதைக் காட்டி, நாமும் புல்லில் இறங்கினால் என்ன என்று கேட்டார். கூடுதலாகக் கொடுப்பதாகவும் சொன்னார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். ஒரு சஃபாரி நிறுவனத்தைப் பற்றி அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சோதனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குழுவாகச் செல்வதன் சங்கடம் முழுமையாக வெளிப்பட்டது அன்று முற்பகலில், ஒரு சிவிங்கிப்புலியின் முன்னால். கரையான் புற்றின் மேல் ஏறி நின்று, தொலைவில் மேய்ந்த தாம்சன் மான்களை அது பார்த்துக்கொண்டிருந்தது. சிங்கத்தையும் கழுதைப்புலியையும் தவிர்ப்பதற்காகப் பெரும்பாலும் பகலிலேயே வேட்டையாடும் விலங்கு என்பதால், காத்திருந்தால் ஓட்டத்தைப் பார்க்கலாம் என்றார் ஓட்டுநர். நீண்ட லென்ஸ் கொண்டுவந்திருந்த இருவருக்கு நாள் முழுவதும் அங்கேயே நிற்கச் சம்மதம். பின்னிருக்கையிலிருந்த குடும்பத்துக்கு யானை பார்க்க வேண்டும், குழந்தைக்குச் சிறுநீர் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், எல்லோராலும் டீச்சர் என்றே அழைக்கப்பட்டவர், "பாதி நேரம் இவங்களுக்கு, பாதி நேரம் அவங்களுக்குன்னு முடிவு பண்ணுங்கப்பா, சண்டை எதுக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பாதி நேரம் முடிந்து வண்டி நகர்ந்தது. அந்தச் சிவிங்கிப்புலி பிறகு ஓடியதா என்பது எங்களுக்குத் தெரியாது.

அன்றிரவு உணவின்போது ஒருங்கிணைப்பாளர் செய்த காரியத்தை இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சேவையாகக் குறிப்பிடுவேன். ஒளிப்படக்காரர்களையும் பறவை ஆர்வலர்களையும் ஒரு வண்டியிலும், குழந்தைகளோடு வந்தவர்களை இன்னொன்றிலும், நீண்ட நேரம் உட்கார முடியாத மூத்தவர்களை மூன்றாவதிலும் அமர்த்தி, இருக்கை வரிசையைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். வருத்தமெல்லாம், மாராவின் ஒரே முழுப் பகல் முடிந்த பிறகு அது நடந்தது என்பதுதான். சென்னையில் முன்பணம் வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே இப்படிப் பிரித்திருக்கலாம்.

அந்த முழுப் பகலின் மதிய உணவு மாரா ஆற்றங்கரை மரத்தடியில். கீழே சேற்று நீரில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எதிர்க்கரையில் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இதே ஆற்றில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் ஆயிரக்கணக்கில் பாய்ந்து கடக்கும் படம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. நாங்கள் போனது பிப்ரவரியில். அந்த மாதத்தில் அந்தப் பெருங்கூட்டம் எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் தென் செரெங்கெட்டிப் பகுதியில், ண்டுட்டு சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். மாராவுக்கு அது வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான். 100 டாலர் மாதத்தில் பயணத்தை விற்று, 200 டாலர் மாதத்தின் படத்தைப் போடுவது எந்த வகையிலும் நேர்மையாகாது. பிப்ரவரிக்கும் அதற்கென்று சிறப்புகள் உண்டு. புல் குட்டையாக இருப்பதால் விலங்குகள் எளிதில் கண்ணில் படுகின்றன, வண்டிக் கூட்டமும் குறைவு, மார்ச் இறுதியில் தொடங்கும் நீண்ட மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிடலாம். இவற்றையே சொல்லி விற்றிருந்தால் யாருக்கும் குறையிருந்திருக்காது. ஊதா நெஞ்சுடைய ஒரு பனங்காடை உணவு நேரம் முழுவதும் எங்கள் வண்டிக்கு அருகிலிருந்த பட்ட மரத்தில் அமர்ந்திருந்தது. நம்மூர் மின்கம்பியில் காணும் பனங்காடைக்கு உறவுதான் என்றாலும், அதன் நிறங்களைப் பார்த்த பிறகு சிங்கத்துக்காகத் தள்ளுமுள்ளு நடத்துவது சற்று மிகை என்று எனக்குப் பட்டது. வண்டியில் இந்தக் கருத்தை யாரும் ஏற்கவில்லை.

கடைசி நாள் காலைக்கு வருகிறேன். பயணத் திட்டத்தில் அந்த நாளுக்கு எதிரே "விடியற்காலைச் சஃபாரிக்குப் பின் புறப்பாடு" என்று அச்சிட்டிருந்தார்கள். முந்தைய இரவு, அதற்கு நுழைவுக் கட்டணம் தனி, விருப்பமுள்ளவர்கள் கட்டலாம் என்று அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன விதிப்படி கட்டணம் நியாயமானதே. திட்டத்தில் அச்சிட்டுவிட்டு அங்கே போன பிறகு தனியாகக் கேட்டதுதான் தவறு. ஒரு வண்டிக்கு மட்டும் ஆள் சேர்ந்தது, நானும் கட்டிச் சென்றேன். இரவில் வீழ்த்திய வரிக்குதிரையைப் பெண் சிங்கங்கள் தின்றுகொண்டிருக்க, குள்ளநரிகள் எட்டி நின்று தருணம் பார்த்தன. பிணந்தின்னிக் கழுகுகள் மரத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை; தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழும் வரை அந்தப் பெரிய உடலைத் தூக்கிப் பறப்பது அவற்றுக்கு வீண் உழைப்பு என்று ஓட்டுநர் விளக்கினார். விடுதிக்குத் திரும்பியபோது, போகாதவர்கள் பெட்டிகளோடு முற்றத்தில் வெகுநேரம் காத்திருந்த கோபத்தில் இருந்தார்கள். அவர்களுக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. விடுதியைச் சுற்றி வழிகாட்டியோடு ஒரு பறவை நடைக்கு அழைத்துப் போயிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சப்பாத்தி கென்யர்களின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது. அதோடு அவர்கள் தரும் ண்டெங்கு என்பது நம் பாசிப்பயற்றுக் குழம்புதான், காரம் மட்டும் இருக்காது. பால் சேர்த்துக் காய்ச்சிய தேநீர் எல்லா இடங்களிலும் நன்றாக இருந்தது. முறுக்கையும் புளியோதரைப் பொடியையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் நமக்கு உண்டு. கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குக் காப்பகங்களில் இடமில்லை. இதைப் புறப்படும் முன்பே சொல்லி, எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் கொண்டுவரச் சொன்னது நிறுவனத்தின் பொறுப்புணர்வைக் காட்டியது.

செகெனானியிலிருந்து நாரோக் வரையிலான சாலை ஒரு காலத்தில் முதுகெலும்பை எண்ண வைக்கும் கரடுமுரடான பாதையாக இருந்தது என்பார்கள், இப்போது தார்ச்சாலை. காப்பகத்தைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகும் மாசாய்களின் ஆடுமாடுகளோடு வரிக்குதிரைகள் கலந்து மேய்வதைச் சாலையோரத்திலேயே பார்க்க முடிந்தது, அதற்குக் கட்டணமும் இல்லை. நாரோக் ஊரை நெருங்கும்போது நிலம் கோதுமை வயல்களாக மாறுகிறது. அதன் பிறகு சூஸ்வா மலை, பிறகு மாய் மஹியு என்ற சந்திப்பு. அங்கே இடப்புறம் திரும்பி வடக்கே போனால் நைவாஷா. வழியில் இடப்பக்கம் லோங்கோனாட் எரிமலை, 2,776 மீட்டர் உயரம், மழை அரித்த பள்ளங்கள் மடிப்பு மடிப்பாக இறங்கும் சரிவோடு வெகுநேரம் கூடவே வருகிறது. மாய் மஹியு பகுதியில் 2024 ஏப்ரல் இறுதியில் திடீர் வெள்ளம் பலரைப் பலிகொண்டது. நீண்ட மழைக் காலத்தில் இந்தத் திட்டத்தை மலிவு விலையில் விற்கிறார்கள் என்றால், மாற்றுப் பாதை என்ன என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

நைவாஷாவில் ஓர் இரவு வைத்தது இந்தத் திட்டத்தின் மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. மாராவிலிருந்து நேராக விமான நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் திட்டங்கள் ஒரு விடுதிச் செலவை மிச்சப்படுத்துகின்றன. ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணம், அதன் முடிவில் நைரோபி நெரிசல், அதற்குப் பிறகு இரவு விமானம் என்று பயணிகளின் உடம்பில்தான் அந்த மிச்சத்தை வசூலிக்கிறார்கள். நைவாஷா சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கும் நன்னீர் ஏரி. பள்ளத்தாக்கின் பல ஏரிகள் உவர்நீராக இருக்க, இதன் நீரை நம்பிக் கரையெங்கும் ஐரோப்பாவுக்கு ரோஜா அனுப்பும் பசுமைக்குடில்கள் நிற்கின்றன. தெற்கே ஓல்காரியா புவிவெப்ப மின்நிலையங்களின் நீராவி எழுவது தெரிகிறது. ஏரி சில ஆண்டுகளாகவே பெருகி வருவதால், முன்பு கரையில் நின்ற மஞ்சள் பட்டை வேலமரங்கள் இப்போது நீருக்குள் மொட்டையாக நிற்க, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கின்றன.

மாலைப் படகுச் சவாரியில் எல்லோருக்கும் உயிர்காப்பு உடை கொடுத்தார்கள். நீர்யானைகள் தலை காட்டிய இடத்திலிருந்து படகோட்டி போதிய தொலைவில் விலகியே நின்றார். ஆப்பிரிக்க மீன்கழுகு பாய்ந்து மீனைத் தூக்கும் காட்சிக்காக, விலைக்கு வாங்கிய மீனை விசில் அடித்து எறிகிறார்கள். படம் அருமையாக வரும் என்பது உண்மையே. காட்டுப் பறவையைச் சொன்னபடி வேலை செய்ய வைக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், படகில் கைதட்டாமல் இருந்தது நானும் டீச்சரும் மட்டுமே. அதே ஏரியிலுள்ள கிரசென்ட் தீவுக்கு நேரம் ஒதுக்காதது ஒரு குறை. கொன்றுண்ணிப் பெருவிலங்குகள் இல்லாத அந்த இடத்தில் ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் வரிக்குதிரைகளுக்கும் நடுவே கால்நடையாக நடக்கலாம். நாட்கணக்கில் வண்டிக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இரவில் நீர்யானைகள் புல் மேய விடுதித் தோட்டத்துக்குள் ஏறி வருவதால், அறைக்குச் செல்ல ஒவ்வொரு முறையும் காவலர் துணைக்கு வந்தார். குழந்தைகள் இதைக் காரணமாக வைத்தே பலமுறை வெளியே வந்தார்கள்.

இறுதி நாள் நைரோபிக்குத் திரும்ப இரண்டு வழிகள் இருந்தன. லிமூரு வழியாகப் போகும் மேற்சாலை ஒன்று. மாய் மஹியுவுக்கு மறுபடி வந்து பள்ளத்தாக்கின் சுவரில் ஏறும் பழைய சாலை இன்னொன்று. எங்கள் திட்டத்தில் இரண்டாவது. ஏறும்போது பள்ளத்தாக்கு வலப்பக்கம் விரிவதால் வலப்புற இருக்கைக்குப் போட்டி இருக்கும். ஒருங்கிணைப்பாளரின் இருக்கைத் தாள் அன்றும் கைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சாலையை அமைக்க அமர்த்தப்பட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் 1942இல் கட்டிய சிறு தேவாலயம் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தினார்கள் என்பதற்காகவே இந்த நிறுவனத்துக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். ஏற்றம் அழகானதுதான், ஆபத்தானதும்கூட. கனரக லாரிகள் ஊர்ந்து ஏற, அவற்றை முந்த முயலும் மட்டாட்டு எனப்படும் பயணிகள் வேன்கள் வளைவில் எதிரே வந்து விழிக்கின்றன. எங்கள் ஓட்டுநர் ஒரு லாரியையும் வளைவில் முந்தவில்லை.

மேலே காட்சிமுனையில் நின்றால் லோங்கோனாட்டும் சூஸ்வாவும் பழுப்புச் சமவெளியும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அங்கேயே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மாசாய்களின் சிவப்புக் கட்டப் போர்வை, கிசீ பகுதியின் மாக்கல் சிற்பங்கள், மணிமாலைகள் எல்லாம் கிடைக்கும், பேரம் பேசியே வாங்க வேண்டும். அப்படியிருக்க, இன்னும் சற்றுத் தூரத்தில் ஒரு பெரிய கலைப்பொருள் கூடத்தில் மீண்டும் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது, அது உண்மையும்கூட. இத்தகைய கூடங்கள் வண்டி கொண்டுவருவோருக்குத் தரகுப் பணம் கொடுப்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி. கழிப்பறைக்குப் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைக் கிரசென்ட் தீவுக்குக் கொடுத்திருக்கலாம்.

நைரோபியில் மதிய உணவு பார்க்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு குஜராத்தி தாலி. பயணம் முழுவதும் ரசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அங்கே பேச்சை நிறுத்தினார்கள். மாலையில் விமான நிலையத்துக்கு, 2022இல் திறக்கப்பட்ட 27 கிலோமீட்டர் நீளமுள்ள சுங்க விரைவுச்சாலை வழியாகச் சென்றோம்; சுங்கத்தை மிச்சப்படுத்த முயலாமல் அந்த வழியில் அழைத்துப் போனது நல்லது. ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஒரு சோதனைச் சாவடியில் பயணிகள் அனைவரும் வண்டியிலிருந்து இறங்கி நடந்து சோதனையைக் கடந்து மீண்டும் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் அங்கே இறங்கத்தான் வேண்டியிருந்தது, அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஓட்டுநர்களுக்கான அன்பளிப்பை ஒவ்வொரு வண்டியிலும் ஒரே உறையில் சேர்த்துக் கொடுக்கச் செய்தது சங்கடத்தைத் தவிர்த்தது.

பணம் கட்டும் முன் எந்த நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: மாராவுக்கு எத்தனை 12 மணி நேரக் கட்டணங்கள் விலையில் அடக்கம், விடுதி நுழைவாயிலுக்கு உள்ளேயா வெளியேயா, கடைசி காலையில் சஃபாரி உண்டா, நைவாஷாவில் இரவு உண்டா. சென்னையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இல்லாததால் நாங்கள் மும்பை வழியாகத் திரும்பினோம். கென்யாவிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை இந்தியாவில் இறங்கும்போது காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். அந்த அட்டையைப் பெட்டியில் வைத்துச் சரக்கில் அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளும்படி நைவாஷா விடுதியிலிருந்து புறப்படும்போதே ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டதால், மும்பையில் எங்கள் குழு வரிசையில் எவ்விதத் தடையுமின்றி நகர்ந்தது.